சமையலறைப் பக்கமே வராத பேரப்பிள்ளையைச் சமைக்க வைப்பது எப்படி? தாத்தா பாட்டிகளுக்கான முழுமையான வழிகாட்டி

பதின்ம வயதுப் பிள்ளை சமைக்க மறுத்தால் சோம்பேறித்தனம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அதே பிள்ளைக்கு இரவு 11 மணிக்குப் பசித்தால், எல்லோரும் தூங்கும் நேரத்தில் எழுந்துபோய் எதையாவது சூடுபண்ணிச் சாப்பிடத்தான் செய்கிறது. பார்ப்பவரும் திருத்துபவரும் இல்லாதபோது அடுப்பைப் பற்றவைக்க அதற்கு எந்தத் தயக்கமும் இல்லை. பகலில் நாம் பக்கத்தில் நிற்கும்போதுதான் "எனக்கு வராது", "பிடிக்கல", "அப்புறம் பார்க்கலாம்" எல்லாம் வருகிறது.

ஆகவே பிள்ளையைச் சமைக்கப் பழக்குவதில் பாதி வேலை நம்மைப் பழக்கிக்கொள்வது. சிறிதாக இருந்தாலும் ஒரு பண்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: ஏன் மறுக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேட்கச் சொல்லவில்லை. "ஏன் சமைக்க மாட்டேங்கிற?" என்று நேராகக் கேட்டால் "சும்மா" என்றுதான் பதில் வரும். சில நாள் கவனித்தால் போதும்.

சில பிள்ளைகளுக்கு நெருப்பு, கத்தி, தெறிக்கும் எண்ணெய் ஆகியவற்றில் உண்மையான பயம் இருக்கும். வெளியே சொல்ல வெட்கம். சிலருக்குப் பச்சை இறைச்சியின் வாடையும் வழவழப்பும் ஆகாது. சின்ன வயதில் எதையோ கொட்டி வாங்கிய திட்டு சிலருக்கு இன்னும் மனசில் இருக்கும். வீட்டில் அண்ணன் சும்மா உட்கார்ந்திருக்க, தன்னை மட்டும் "பொண்ணு கத்துக்கணும்" என்று கூப்பிடுவதால் மறுக்கும் பேத்திகளும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. அங்கே அழைப்பு பேரனுக்கும் சேர்ந்தே போக வேண்டும், முடிந்தால் அவனுக்கு முதலில்.

இன்னொன்றும் உண்டு. உணவையே தவிர்ப்பது, எடையைப் பற்றி ஓயாமல் பேசுவது, சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்வது என்றிருந்தால் அது வேறு விஷயம். அப்போது சமையல் பாடத்தை ஒத்திவைத்து, பெற்றோரிடம் பேசி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வற்புறுத்தல் ஏன் பலிக்காது என்பதற்கு உளவியலில் விளக்கம் இருக்கிறது. தன் சுதந்திரம் பறிபோகிறது என்று தோன்றினால் மனிதர் அதை மீட்கவே எதிர்த்து நிற்பார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-இல் விளக்கினார். பதின்ம வயதில் இந்த எதிர்ப்பு எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "சமைச்சே ஆகணும்" என்று சொன்ன அன்றே, சும்மா இருந்த பிள்ளைக்கும் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

தொடங்கும் முன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்களின் சமையலறை, அவர்களின் பிள்ளை. எதைத் தனியாகச் செய்ய விடலாம், எதற்குப் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்வது நல்லது.

படி 2: எடுபிடி வேலைக்குக் கூப்பிடாதீர்கள்

நம்மில் முக்கால்வாசிப் பேர் "வா, இந்த வெங்காயத்தை உரிச்சுக் கொடு" என்றுதான் ஆரம்பிப்போம். சமையலிலேயே சலிப்பான வேலை அது, கண்ணும் எரியும். முடிவில் பண்டத்துக்கான பாராட்டு நமக்கு வரும், எரிச்சல் அதற்கு மிஞ்சும். இப்படி நூறு வெங்காயம் உரித்தாலும் சமையல் வராது. எப்போது அடுப்பைக் கூட்ட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்ற முடிவுகளில்தான் சமையல் இருக்கிறது, அவற்றை நாமே வைத்துக்கொள்கிறோம்.

மாற்றிச் செய்யுங்கள். வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள், அடுப்புப் பக்கம் பிள்ளை நிற்கட்டும். எடுபிடி நீங்கள். "எவ்வளவு பொடியா நறுக்கட்டும்?" என்று நீங்கள் அதனிடம் கேட்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

அழைப்பையும் கொஞ்சம் வளைத்துச் சொல்லலாம். "உனக்குச் சொல்லித் தர்றேன்" என்பதைவிட "நீ போன வாரம் சாப்பிட்டியே, அதை வீட்டுல செய்ய முடியுமான்னு பார்ப்போமா? எனக்குத் தெரியாது" என்பது நன்றாக எடுபடும். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாத பண்டமாக இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்து தேடும் வேலையில் ஆசிரியர் யாரும் இல்லை.

படி 3: முதல் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் பண்டம் பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். தாத்தாவுக்குப் பிடித்தது பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்துவிட வேண்டும். கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இருக்கக் கூடாது. கத்தி வேலை குறைவாக இருந்தால் நல்லது.

இவை அத்தனைக்கும் முட்டை பொருந்தும். அதிலும் வேகவைத்த முட்டைக்கு ஈடு இல்லை. ரொம்ப எளிது என்று பிள்ளை அலட்சியமாகப் பார்த்தால், பரிசோதனையாக மாற்றிக் கொடுங்கள். ஒரே அளவுள்ள மூன்று முட்டைகளைக் கொதிக்கும் நீரில் கரண்டியால் மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். ஒன்றை 6 நிமிடத்திலும், அடுத்ததை 9 நிமிடத்திலும், கடைசியை 12 நிமிடத்திலும் எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். நேரம் பார்ப்பது கைப்பேசியின் வேலை. பிறகு மூன்றையும் பாதியாக வெட்டி வரிசையாக வைத்தால், முதலாவதில் மஞ்சள் கரு வழியும், இரண்டாவது பசை போல நிற்கும், மூன்றாவது பொடிந்து உதிரும்.

வெள்ளைக் கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸிலேயே இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கருவுக்கு அதைவிடச் சற்று அதிக வெப்பம் தேவை, 70 டிகிரியை ஒட்டித்தான் அது முழுதாக இறுகும். வெப்பம் ஓட்டிலிருந்து நடுப்பகுதிக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் அந்த நிமிட வேறுபாடு. 'சமையல்' என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள் இந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பதுண்டு. சற்றுப் பழைய முட்டைதான் ஓடு சுலபமாக உரியும், புத்தம் புதியது ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். (வழியும் மஞ்சள் கரு வயதானவர்களுக்கு அவ்வளவு பாதுகாப்பானது இல்லை. 12 நிமிட முட்டையை உங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.)

முட்டை சாப்பிடாத வீடென்றால் உருளைக்கிழங்கு இருக்கிறது. துண்டுகளை வேகவைத்து, ஈரம் போக உலரவிட்டு, எண்ணெயில் பொன்னிறமாக வறுப்பது. ஈரத்தோடு போட்டால் ஏன் சிவக்காது என்று கேட்கச் சொல்லுங்கள். நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தப் பொன்னிறமும் மணமும் சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உண்டாகும். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் இந்த வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மெய்யார் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளைக்கு இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு மிதப்பு இருக்கும். இருக்கட்டும்.

படி 4: உங்கள் கைப்பக்குவத்தை அளவாக்குங்கள்

"கொஞ்சம் உப்பு போடு", "தண்ணி தேவையான அளவு", "வாசனை வந்ததும் இறக்கு." நாற்பது ஐம்பது வருடம் சமைத்த கைக்கு இது போதும். முதல் நாள் அடுப்பின் முன் நிற்கும் பிள்ளைக்கு இவற்றால் பயம்தான் கூடும். 'கொஞ்சம்' என்று நீங்கள் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டால் திட்டு விழும் என்று அதற்குத் தெரியும்.

சின்ன எடைத் தராசும் அளவுக் கரண்டிகளும் வாங்கி வையுங்கள். பிறகு வழக்கம்போல நீங்கள் சமையுங்கள். ஒவ்வொரு பொருளையும் பாத்திரத்தில் போடும் முன் நிறுத்தி, உங்கள் கையில் இருப்பதைப் பிள்ளை தராசில் வாங்கி எடை போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் ஒரு பிடி எத்தனை கிராம், ஒரு சிட்டிகை எவ்வளவு, "வதங்கும் வரை" என்பது எத்தனை நிமிடம் என்று எல்லாம் எழுத்தில் வந்துவிடும். சமைக்க மறுக்கும் பிள்ளைகூட இதற்கு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் இங்கே சோதிக்கப்படுவது நீங்கள். உங்கள் பிடி ஒருநாள் 40 கிராம், மறுநாள் 55 கிராம் என்று கண்டுபிடித்துக் கேலி செய்தால் சிரித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் சமையல் குறிப்பு எழுத்தில் வருவது கூடுதல் லாபம்.

படி 5: நாளும் நேரமும்

விடியற்காலை வேண்டவே வேண்டாம். பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. காலை 6 மணிக்கு எழுப்பிச் சமைக்கச் சொன்னால் பிள்ளை பாதித் தூக்கத்தில் நிற்கும். விடுமுறை நாளின் பிற்பகல் நல்ல நேரம். லேசாகப் பசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், கடும் பசி இருக்கக் கூடாது. தேர்வு வாரம், விருந்தாளி வரும் நாள் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

பாட்டு ஓடட்டும். கைப்பேசியும் இருக்கட்டும், சுவரில் சாய்த்து வைத்துக் காணொளி பார்த்துச் செய்தால் என்ன கெட்டுவிட்டது? நாம் சொன்னால் கேட்காததை முகம் தெரியாத ஒருவர் சொன்னால் கேட்கிறார்களே என்று நமக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். காணொளி திட்டாது என்பதுதான் அதன் சிறப்பு.

படி 6: ஆபத்துகளைப் பற்றி ஒரே ஒரு முறை, தெளிவாக

"பார்த்து, பார்த்து" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் பாதுகாப்பு வராது, பதற்றம்தான் வரும். தொடங்கும் முன் 5 நிமிடம் ஒதுக்கிச் செய்து காட்டுங்கள். அதன் பிறகு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் அதிகம் அழுத்தச் சொல்லும், வழுக்கும், விரலை வெட்டும். நறுக்கும் பலகையின் அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க, கணுக்கள் கத்தியின் பக்கவாட்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். உருளும் காய்களை முதலில் பாதியாக வெட்டித் தட்டையான பக்கத்தைக் கீழே வைக்கவும். கூர்மையான கத்தியில் வெங்காயம் கண்ணை எரிப்பதும் குறையும், அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் குறையும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வீசியடிக்கும். முடிந்தால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். தீ கைமீறினால் வெளியே ஓடி உதவி கேட்க வேண்டும். இதைச் சொன்னால் மட்டும் போதாது, அணைந்திருக்கும் அடுப்பில் மூடியை வைத்து ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் தன் பக்கமாகத் திறக்காமல் எதிர்ப்பக்கமாகத் திறப்பது, கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வைப்பது, பிரஷர் குக்கரின் அழுத்தம் முழுதாக இறங்கும்வரை தொடாமல் இருப்பது ஆகியவையும் இந்த 5 நிமிடத்துக்குள் அடங்கும்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். பெரிய கொப்புளம், முகத்தில் அல்லது மூட்டில் காயம் என்றால் மருத்துவரிடம்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமிகள் தெறித்துப் பரவும், கழுவாமல் நன்றாக வேகவைப்பதே பாதுகாப்பு. நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். அதை நறுக்கிய பலகையில் சாலட்டுக்கான காயை வெட்டக் கூடாது. சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. அரிசியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாகாமல், வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டு நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. இதைக் கேட்டபின் பல பெரியவர்களே தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

படி 7: உட்காருங்கள்

இருப்பதிலேயே கடினமான படி இதுதான். சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு, அடுப்புக்கு எட்டாத தூரத்தில் உட்காருங்கள். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள்: காய் ஆய்வது, துணி மடிப்பது, எதுவானாலும் சரி. சும்மா இருக்கும் கை தானாகவே கரண்டியை நோக்கிப் போகும்.

ஆபத்து என்றால் பேசுங்கள். பிள்ளை கேட்டால் பதில் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் பேச்சு ஊர்க்கதையாக, பள்ளிக்கதையாக இருக்கட்டும். எதிரெதிரே உட்கார்ந்து பேச மறுக்கும் பிள்ளைகள், கை வேலையாக இருக்கும்போது எதையெதையோ பேசிவிடுவார்கள்.

"அப்படி இல்லடா, இங்க கொடு" என்பதைப் போல ஒரு பிள்ளையைச் சமையலறையிலிருந்து விரட்டும் வார்த்தை வேறில்லை. கரண்டி உங்கள் கைக்கு வந்த நொடியில் அது மறுபடி உங்கள் சமையல். வெங்காயம் கொஞ்சம் கருகும், நறுக்கிய துண்டு ஒன்று கட்டைவிரல் அளவும் இன்னொன்று சுண்டுவிரல் நகம் அளவும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். சிறிய துண்டு குழைந்து பெரிய துண்டு வேகாமல் நிற்கும்போது, ஏன் ஒரே அளவாக நறுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

"இப்ப என்ன செய்யணும் பாட்டி?" என்று கேட்டால் உடனே விடை சொல்லாமல், "வாசனை எப்படி வருது? ருசி பாரு, என்ன குறையுது?" என்று திருப்பிக் கேளுங்கள். "உப்பு குறையுதோ?" என்று அது தயங்கினால் "போட்டுப் பாரு" என்றால் போதும். மூன்றாம் தடவையும் "தெரியல" என்றால் இழுத்தடிக்காமல் சொல்லிவிடுங்கள். இது புதிர்ப் போட்டி இல்லை.

படி 8: கெட்டுப்போனால்

கெட்டுப்போகும். அது நல்லதற்குத்தான், ஏனென்றால் மீட்கும் வித்தைகள் பிள்ளைகளை மயக்கும்.

உப்பு கூடிவிட்டால் உப்பில்லாத பொருளைச் சேர்த்து மொத்த அளவைக் கூட்டுவதுதான் வழி. உருளைக்கிழங்கு உப்பை மட்டும் உறிஞ்சிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. கிழங்கு உப்புத் தண்ணீரையே சேர்த்து இழுத்துக்கொள்கிறது, மிச்சக் குழம்பின் உப்பு பெரிதாகக் குறையாது. காரம் மிஞ்சினால் தண்ணீர் உதவாது. பால், தயிர் போன்றவை உதவும், அவற்றிலுள்ள கேசின் என்ற புரதம் காரப்பொருளை நாக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். புளிப்பு தூக்கினால் ஒரு சிட்டிகை சர்க்கரை. அடிப்பிடித்தால் கிளறக் கூடாது. மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எதுவுமே உதவாத அளவுக்குப் போய்விட்டால் குப்பையில் கொட்டிவிட்டு ரொட்டி சாப்பிடுங்கள். அன்றைக்குப் பண்டத்தைப் பற்றி மேலும் பேச வேண்டாம்.

படி 9: பாராட்டும் பணமும்

"ஒரு தடவை சமைச்சா இவ்வளவு தர்றேன்" என்று பேரம் பேசாதீர்கள். உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே ஆசையாகப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு வாங்கிய அந்தக் குழந்தைகள் பின்னர் தாமாக வரையும் நேரம் குறைந்துவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. சமையலும் கூலி வேலையாகிவிட்டால், கூலி நின்ற அன்று கரண்டியும் நின்றுவிடும். நன்றாகச் செய்த ஒரு நாளில் சொல்லாமல் ஒரு நல்ல கத்தியோ தவாவோ வாங்கித் தருவதில் தப்பில்லை.

"சூப்பர், அருமை" என்ற பொத்தாம்பொதுப் பாராட்டை இந்த வயதுப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். "ஓரம் நல்லா மொறுமொறுன்னு இருக்கு", "உப்பு சரியா நின்னிருக்கு" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் வார்த்தையே தேவையில்லை. உறவினர் குழுவில் படத்தைப் போடும் முன் பிள்ளையிடம் அனுமதி கேளுங்கள். "எங்க வீட்டு சமையல்காரர்" என்று அத்தை ஒருவர் போடும் ஒற்றை வரிக் கேலி, பல வாரப் பாடத்தை அழித்துவிடும்.

படி 10: அடுத்தடுத்த வாரங்கள்

முதல் பண்டத்தை அலுக்கும்வரை செய்யட்டும். நமக்கு அலுப்பது கணக்கில்லை. கை தானாகப் போகத் தொடங்கியதும் "இதுல வேற என்ன போடலாம்?" என்ற கேள்வி அங்கிருந்தே வரும். முட்டையிலிருந்து ஆம்லெட், ஆம்லெட்டிலிருந்து காய் வதக்கல், அதிலிருந்து ஒரே பாத்திரத்தில் முடியும் நூடுல்ஸ் அல்லது சூப் என்று ஒவ்வொன்றிலும் ஒரு புது வித்தை மட்டும் கூடட்டும்.

சில மாதங்களில் வாரத்தில் ஒரு வேளையை முழுதாகக் கொடுங்கள்: என்ன சமைப்பது, என்ன வாங்குவது, குறிப்பிட்ட தொகைக்குள் எப்படி முடிப்பது எல்லாம் அதன் முடிவு. வாரா வாரம் ஒரே பண்டம் வந்தாலும் சாப்பிடுங்கள். பாத்திரம் கழுவுவதை முதல் சில முறை சேர்ந்து செய்யுங்கள், பிறகு படிப்படியாக விட்டுவிடலாம். முதல் நாளே "சமைச்சா கழுவவும் செய்யணும்" என்று சட்டம் போட்டால் இரண்டும் நடக்காது.

படி 11: அப்படியும் வரவில்லை என்றால்

ஒரு மாதம் பேச்சையே எடுக்காதீர்கள். பிறகு வேறு வாசலைத் தட்டிப் பாருங்கள். அடுப்பில் நிற்கப் பிடிக்காத பிள்ளைக்கு கேக், பிஸ்கட் பிடிக்கலாம். அங்கே எல்லாம் கிராம் கணக்கு, ஊகத்துக்கு இடமில்லை. நெருப்புக்குப் பயந்தால் சாலட், சாண்ட்விச், பழக்கூழ் என்று தீயில்லாப் பண்டங்களில் தொடங்கலாம். தனியாக வராத பிள்ளை நண்பனோடு வரும். இரண்டு பேர் சேர்ந்து சமையலறையைக் கலவரமாக்கினாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள், காது மட்டும் இங்கே இருக்கட்டும்.

பேரப்பிள்ளை வேறு ஊரில், வேறு நாட்டில் இருந்தாலும் இதே முறைதான். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பண்டத்தைக் காணொளி அழைப்பில் செய்யுங்கள். முன்தினமே பொருள் பட்டியலை அனுப்பிவிடுங்கள், அளவுகள் கிராமில் இருக்கட்டும். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டாம், வாணலியைப் பார்க்கட்டும். முகத்தைக் காட்டச் சொன்னால் பிள்ளை அழைப்பையே துண்டித்துவிடும்.